கடற்கரைச் சாலையில் சொல்லாமல் விட்டது
புதுச்சேரியில் சுற்றுலா வழிகாட்டிகளாக இருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளே,

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னத்துக்கு எதிரே, கடற்கரைச் சுவரில் உட்கார்ந்திருந்தேன். உங்களில் ஒருவர் சென்னையிலிருந்து வந்த கல்லூரிப் பிள்ளைகளை அங்கே அழைத்து வந்தார். நன்றாகப் பேசினார். தெருக்களின் பெயர், வீடுகளின் மஞ்சள் வண்ணம், வாசல் வளைவு எல்லாம் அவருக்கு விரல்நுனியில் இருந்தன. கூட்டத்தில் ஒரு பெண், "இவங்க ஏண்ணா இங்கேருந்து போனாங்க?" என்று கேட்டாள். அவர் சொன்ன பதில் இது: "இங்கிலீஷ்காரன் மாதிரி இல்லம்மா. பிரெஞ்சுக்காரங்க நாகரிகமானவங்க. ஓட்டெடுப்பு நடத்தினாங்க, இந்தியாவோட சேர்றோம்னு நம்ம ஜனங்க சொன்னாங்க, கை குலுக்கிட்டுக் கிளம்பிட்டாங்க."

பிள்ளைகள் தலையாட்டிவிட்டு நகர்ந்தார்கள். நான் எழுந்து போய்ப் பேசியிருக்க வேண்டும். பலர் முன்னால் ஒருவரைத் திருத்துவது முறையில்லை என்று பேசாமல் இருந்துவிட்டேன். அன்றிலிருந்து மனம் ஆறவில்லை. அதனால்தான் உங்கள் எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன்.

அந்தத் தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். நானும் முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தியவன். இதே பதிலைத்தான் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்களுக்குக் கிடைத்ததை உங்களுக்குக் கொடுத்தோம், நீங்கள் அதை எந்தெந்த ஊரிலிருந்தோ வருகிறவர்களிடம் கொடுக்கிறீர்கள். ஒரு நாளில் நான் ஒரு வகுப்புக்குச் சொன்னேன் என்றால், நீங்கள் ஒரு பருவத்தில் ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சொல்கிறீர்கள். நம் ஊரின் சரித்திரம் இன்று பாடப் புத்தகத்தைவிட உங்கள் வாயில்தான் அதிகம் இருக்கிறது. உங்களிடம் வந்து முறையிடுவதற்குக் காரணம் அதுதான்.

முதலில் அந்த ஓட்டெடுப்பைப் பார்ப்போம். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் வாக்களித்தவர்கள் 178 பேர். அவர்கள் நகராட்சிகளுக்கும் பிரதிநிதி சபைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த உறுப்பினர்கள். 170 பேர் இணைப்புக்கு ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. இணைப்பைப் பற்றி ஊர் மக்கள் வரிசையில் நின்று வாக்களித்த ஓட்டெடுப்பு நம்மூரில் நடக்கவே இல்லை. அப்படி நடந்தது வங்காளத்தில் இருந்த பிரெஞ்சுப் பகுதியான சந்திரநாகூரில், 1949இல். அங்கே பிரான்சோடு இருக்கிறோம் என்றவர்கள் 114 பேர். இந்தியாவோடு சேர்கிறோம் என்றவர்கள் ஏழாயிரத்துக்கும் மேல். மீதியிருந்த நான்கு பிரெஞ்சு ஊர்களிலும் அதேபோல மக்களிடம் நேராகக் கேட்கும் ஓட்டெடுப்பு நடக்கவில்லை.

கீழூருக்கு முன்னாலேயே காரியம் பாதிக்கு மேல் முடிந்திருந்தது என்பதையும் நீங்கள் சொல்ல வேண்டும். மார்ச் மாதத்தில், அதுவரை பிரான்சின் வலக்கையாக இருந்த எதுவார் குபேரே கட்சி மாறி இணைப்புப் பக்கம் வந்துவிட்டார். நெட்டப்பாக்கத்தில் தற்காலிக அரசு அமைந்தது. ஜூனில் ஏனாம் கை நழுவியது, ஜூலையில் மாகே. எல்லையில் இந்தியச் சுங்கக் காவல் இறுகியிருந்தது. கீழூரில் எண்ணிய வாக்குகள் ஏற்கெனவே நடந்து முடிந்ததற்குப் போட்ட கையெழுத்து. நீங்கள் தினமும் குழுக்களை நடத்திப் போகிற இந்தக் கடற்கரைச் சாலைக்கே குபேர் பெயர்தான். பிரான்சை விட்டு அவர் ஏன் அந்த மார்ச்சில் விலகினார் என்று ஒருவராவது கேட்டிருப்பார்களா?

அந்த மார்ச்சில் என்ன நடந்தது என்று பாருங்கள். 1954 மார்ச் 13 அன்று, வடமேற்கு வியட்நாமில் மலைகள் சூழ்ந்த ஒரு பள்ளத்தாக்கில், தியன் பியன் பூ என்ற இடத்தில், பிரெஞ்சு முகாமின் மேல் வியட்நாம் விடுதலைப் படையின் பீரங்கிக் குண்டுகள் விழத் தொடங்கின. அந்த மலைமேல் பீரங்கியை ஏற்றவே முடியாது என்று பிரெஞ்சுத் தளபதிகள் கணக்குப் போட்டிருந்தார்கள். அந்த விடுதலைப் படைக்காக இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்து ஆண்களும் பெண்களும் அரிசியும் குண்டும் சுமந்தார்கள். சைக்கிளில் மூங்கிலைக் கட்டி, மூட்டைகளை ஏற்றி, ஓட்டாமல் தள்ளிக்கொண்டே மலைப்பாதையில் போனார்கள். அவர்களை நடத்திய ஜியாப், ஹனோயில் சரித்திர வாத்தியாராக இருந்தவர். முகாமின் பீரங்கிப் படைக்குத் தலைவராக இருந்த பிரெஞ்சு அதிகாரி, தன் கணக்கு பொய்த்ததைத் தாங்காமல் கையெறி குண்டை வெடித்துச் செத்துப்போனார். மே 7 அன்று முகாம் விழுந்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதிகளானார்கள்.

அந்தக் கைதிகள் யார் என்பதுதான் இந்த மடலின் உயிர்நாடி. பிரான்சில் கட்டாய ராணுவச் சேவைக்கு எடுக்கப்பட்ட இளைஞர்களை வியட்நாம் அடங்கிய இந்தோசீனாவுக்கு அனுப்பவில்லை. அனுப்பினால் பாரிசில் எந்த அரசும் நிலைத்திருக்காது. அதனால் அந்தப் போரைச் செய்தவர்கள் சம்பளத்துக்குச் சேர்ந்த சிப்பாய்கள், அயல்நாட்டார் படையில் சேர்ந்திருந்த ஜெர்மானியர்கள், அல்ஜீரியர்கள், மொராக்கோக்காரர்கள், மேற்கு ஆப்பிரிக்கர்கள், வியட்நாமியர்களே கூட. போர்ச் செலவில் முக்கால் பங்கு அளவுக்குக் கடைசியில் அமெரிக்கா கொடுத்துக்கொண்டிருந்தது. ஆள் பிறருடையது, பணம் பிறருடையது, கொடி மட்டும் பிரான்சுடையது. தியன் பியன் பூவில் ஒரு குன்றைக் காத்து நின்ற தாய் (Tai) இனத்துப் படை, இது நம்முடைய சண்டை இல்லை என்று இரவோடிரவாகக் கலைந்து போனது. அந்தக் குன்று அதோடு போயிற்று.

ஐரோப்பியப் பேரரசுகள் ஏன் முடிந்தன என்று யாராவது உங்களிடம் கேட்டால் அந்தக் குன்றிலிருந்து தொடங்குங்கள் என்பேன். இரண்டு உலகப் போர்கள் ஐரோப்பாவை ஓட்டாண்டியாக்கின என்பது உண்மை. காந்தியும் வியட்நாமின் ஹோ சி மின்னும் கானாவின் இங்க்ருமாவும் இல்லாமல் எதுவும் நடந்திருக்காது என்பதும் உண்மை. ஆனால் பணமில்லாத அரசுகள் எத்தனையோ காலம் தாக்குப் பிடித்திருக்கின்றன. தலைவர்களைச் சிறையில் போட்டு எத்தனையோ காலம் ஆண்டிருக்கிறார்கள். தனக்காகத் துப்பாக்கி பிடித்தவன் அதைக் கீழே வைத்த பிறகு எந்தப் பேரரசும் நின்றதில்லை. 1946 பிப்ரவரியில் பம்பாயில் இந்தியக் கடற்படை மாலுமிகள் தல்வார் தளத்தில் உணவை மறுத்துத் தொடங்கிய வேலைநிறுத்தம், சில நாளில் இருபதாயிரம் பேருக்குப் பரவியது. அடுத்த பிப்ரவரியில் பிரிட்டிஷ் பிரதமர் அட்லி, நாங்கள் போகிறோம் என்று தேதி சொல்லிவிட்டார். 1948இல் மேற்கு ஆப்பிரிக்காவின் அக்ராவில் தங்களுக்குச் சேர வேண்டியதைக் கேட்டு ஊர்வலம் போன முன்னாள் சிப்பாய்களில் மூன்று பேரைப் போலீஸ் சுட்டது. அந்த ஊர்வலத்தில் பர்மாவில் பிரிட்டனுக்காகச் சண்டை போட்டுத் திரும்பியவர்கள் இருந்தார்கள். ஒன்பது ஆண்டில் அந்தக் காலனி கானா என்ற தனி நாடாயிற்று. கடைசிவரை விடாப்பிடியாக இருந்த போர்ச்சுகல் அரசை 1974 ஏப்ரலில் கவிழ்த்தவர்கள் அதன் சொந்த ராணுவத்தின் இளம் கேப்டன்கள். ஆப்பிரிக்காவில் பதின்மூன்று வருடம் சண்டை போட்டு அலுத்தவர்கள் அவர்கள்.

இனி என் வீட்டுக் கதை. என் தாத்தா ஒரு சொல்தா, அதாவது பிரெஞ்சுப் படையில் சேர்ந்த நம்மூர்ச் சிப்பாய். இந்த வார்த்தை உங்களுக்குத் தெரியும்; வெளியூர்க்காரர்களுக்கு நீங்கள்தான் விளக்கிச் சொல்வீர்கள். பதினெட்டு வருடம் சைகோனில் இருந்தார். நம்மூரிலிருந்து அங்கே போனவர்கள் நிறைய. சிப்பாயாக, போலீசாக, சுங்கத்தில், சிறையில், வரி வசூலில். தாத்தா சிறைக்காவலில் இருந்தார். திரும்பி வந்தபோது ஒரு தகரப் பெட்டி, ஒரு பதக்கம், மாதாமாதம் ஓய்வூதியம். அந்த ஓய்வூதியத்தில்தான் என் அப்பா படித்தார், நான் படித்தேன். அதை மறைத்து நான் எதையும் எழுத முடியாது. தாத்தா சைகோனைப் பற்றிப் பேசவே மாட்டார். ஒரே ஒரு தடவை, நான் கல்லூரியில் படிக்கும்போது விடாமல் கேட்டதற்குச் சொன்னார்: "உள்ளே இருந்தவங்க எங்களைப் பார்த்த பார்வை இருக்கே, வெள்ளைக்காரனைக்கூட அவங்க அப்படிப் பார்க்கல." அப்புறம் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

அவர் கெட்டவர் இல்லை. கூலிக்குப் போன ஏழை. பேரரசு நடந்ததே அவரைப் போன்றவர்களை வைத்துத்தான். தமிழனை வைத்து வியட்நாமியனை அடக்கினார்கள், செனகல்காரனை வைத்து மடகாஸ்கரில் அடக்கினார்கள், மொராக்கோக்காரனை வைத்து இந்தோசீனாவில் சண்டை போட்டார்கள். அந்த நினைவுச் சின்னத்தின் முன்னால் நீங்கள் நிற்கும்போது, அது 1914 போரில் பிரான்சுக்காகச் செத்த நம்மூர்க்காரர்களுக்காக எழுப்பியது என்று சொல்கிறீர்கள். சரி. ஜூலை 14 அன்று மலர்வளையம் வைப்பதையும் சொல்கிறீர்கள். அதோடு இதையும் சொல்லுங்கள்: 1944 டிசம்பர் 1 அன்று, செனகலில் தியாரோய் முகாமில், பிரான்சுக்காகப் போரிட்டு ஜெர்மானியச் சிறையில் கிடந்து திரும்பிய ஆப்பிரிக்கச் சிப்பாய்கள் தங்கள் சம்பளப் பாக்கியைக் கேட்டார்கள். பிரெஞ்சு ராணுவம் அவர்களைச் சுட்டது. அரசு ஒப்புக்கொண்ட கணக்கே 35 பேர். அதே ஆண்டின் தொடக்கத்தில் பிராசவில்லில் பிரெஞ்சுத் தலைவர் தெகோல் கூட்டிய மாநாடு, காலனிகளுக்குத் தன்னாட்சி என்ற பேச்சுக்கே இடமில்லை என்று தீர்மானித்திருந்தது. 1945 மே 8 அன்று ஐரோப்பா நாசிகளை வென்றதைக் கொண்டாடிய அதே நாளில், அல்ஜீரியாவின் செத்திஃபில் சுதந்திரக் கொடி பிடித்தவர்கள் மேல் துப்பாக்கி திரும்பியது. அடுத்த வாரங்களில் ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். 1946 நவம்பரில் ஹைபோங் துறைமுக நகரத்தைப் பிரெஞ்சுக் கப்பல்கள் குண்டு போட்டுத் தகர்த்தன. இவர்களையா, கேட்டதும் கை குலுக்கிப் போனார்கள் என்று சொல்கிறோம்?

நம்மூரில் அவர்கள் சுடவே இல்லையா? 1936 ஜூலை 30. சவானா ஆலை. பஞ்சாலைத் தொழிலாளிகள் வேலை நேரத்தைக் குறைக்கச் சொல்லி, சங்கம் வைக்க உரிமை கேட்டுப் போராடினார்கள். 12 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். இதில் என் நெஞ்சை அறுப்பது ஒன்று உண்டு. அப்போது பாரிசில் ஆட்சியில் இருந்தது இடதுசாரிகளின் மக்கள் முன்னணி. அதற்கு முந்தைய மாதம்தான் பிரான்சின் தொழிலாளிகளுக்கு வாரம் 40 மணி நேர வேலை என்று அந்த அரசு சட்டம் போட்டது. அங்கே உரிமை, இங்கே தோட்டா. ஒரே அரசு, ஒரே கோடைகாலம். நம் தொழிலாளிகள் அதற்குப் பிறகும் ஓயவில்லை. வ. சுப்பையா போன்றவர்கள் துணை நிற்க, அடுத்த ஆண்டே எட்டு மணி நேர வேலையை வாங்கினார்கள். உங்களில் எத்தனை பேருடைய தாத்தாவும் பாட்டியும் அந்த ஆலைகளில் இருந்தார்கள்! பெரிய வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், தமிழர் பகுதியில் பிறந்து வளர்ந்துவிட்டு, அந்தப் பக்கத்து வெள்ளையர் பகுதியின் கதையை மட்டும் சொல்லிப் பிழைக்க வேண்டியிருப்பதை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

தியன் பியன் பூ விழுந்த அடுத்த மாதம் பியேர் மென்டெஸ் பிரான்ஸ் பிரதமரானார். முப்பது நாளில் போரை முடிக்கிறேன் என்று சொல்லித்தான் பதவிக்கு வந்தார், முடித்தார். ஜூலையில் ஜெனீவா ஒப்பந்தம். அந்த மாத இறுதியில் துனீசியாவுக்கு உள்நாட்டுத் தன்னாட்சி. அக்டோபர் 21 அன்று டெல்லியில் நம் ஊரை ஒப்படைக்கும் உடன்பாடு. தோற்றுப்போன கடைக்காரர் கணக்கை முடிப்பதுபோல ஒன்றன்பின் ஒன்றாக. அவர் நேர்மையானவர், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கணக்கை முடிக்க வைத்தது சைக்கிள் தள்ளிய கிராமத்து ஜனங்கள். 1954 நவம்பர் 1 காலையில் நம்மூர் அரசு மாளிகையில் பிரெஞ்சுக் கொடி இறங்கியதே, அந்தக் கயிற்றில் அவர்களுடைய கையும் இருந்தது.

அந்தத் தேதியை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். நவம்பர் 1, அனைத்துப் புனிதர் திருநாள். நம்மூரில் கொடி இறங்கிய அதே நாளின் முதல் மணி நேரங்களில் அல்ஜீரியாவில் தேசிய விடுதலை முன்னணி முதல் வெடிகளை வைத்தது. இங்கே ஒரு பிரெஞ்சு ஆட்சி முடிந்த அன்றே அங்கே அதைவிடக் கொடிய போர் தொடங்கியது. நம்மை விட்டுக் கொடுத்த அதே மென்டெஸ் பிரான்ஸ், அல்ஜீரியா பிரான்சின் ஒரு பகுதி, அதைப் பிரிக்கவே முடியாது என்றார். அங்கே குடியேறியிருந்த ஐரோப்பியர்கள் ஏறத்தாழ பத்து லட்சம். விட்டுவிட மனம் வரவில்லை.

இந்த முறை பிறர் கை போதவில்லை. பிரான்ஸ் தன் சொந்தப் பிள்ளைகளைக் கட்டாய சேவையில் அனுப்பியது, பத்து லட்சத்துக்கும் மேல். அவர்கள் சித்திரவதையைப் பார்த்தார்கள், சிலர் செய்தார்கள், வீட்டுக்குக் கடிதம் எழுதினார்கள். ஆன்றி அலெக் என்ற பத்திரிகையாளர் தனக்கு நேர்ந்ததைப் புத்தகமாக எழுதியபோது 1958இல் அரசு அதைப் பறிமுதல் செய்தது. 1961 அக்டோபர் 17 அன்று பாரிசிலேயே, அமைதியாக ஊர்வலம் போன அல்ஜீரியர்களில் பலரைப் போலீஸ் அடித்துக் கொன்று சேன் ஆற்றில் வீசியது. அடுத்தவன் பிள்ளை சாகும்வரை தாங்கிய தேசம், தன் பிள்ளை கொலைகாரனாகத் திரும்பி வருவதைத் தாங்கவில்லை. 1961 ஜனவரியில் தெகோல் கேட்ட கேள்விக்கு, அல்ஜீரியர்களே தங்கள் கதியை முடிவு செய்யட்டும் என்று பிரெஞ்சு வாக்காளர்களில் நான்கில் மூன்று பங்கினர் சொல்லிவிட்டார்கள். 1962 ஜூலையில் அல்ஜீரியா சுதந்திரம் அடைந்தது.

இப்போது நம் இரண்டாவது தேதிக்கு வாருங்கள். நம் ஊருக்கு மட்டும் ஏன் விடுதலைக்கு இரண்டு நாள் என்று உங்கள் குழுவில் யாராவது கேட்பார்கள். நவம்பர் 1 ஒன்று, ஆகஸ்ட் 16 ஒன்று. 'நடைமுறைப்படி, சட்டப்படி' என்று சொல்லி நகர்ந்துவிடுகிறோம். ஒப்படைப்பு ஒப்பந்தம் 1956 மே மாதமே கையெழுத்தானது. பாரிஸ் நாடாளுமன்றம் அதற்கு ஒப்புதல் தந்தது 1962 ஜூலையில். சட்டப்படி முடிந்தது ஆகஸ்ட் 16. இடையில் ஆறு வருடம் ஏன் அந்தக் காகிதம் கிடப்பில் கிடந்தது? பிரெஞ்சு மண்ணில் ஒரு துண்டைச் சட்டம் போட்டு விட்டால், அல்ஜீரியாவை மட்டும் ஏன் விடக்கூடாது என்ற கேள்வி எழும். அல்ஜீரியா கையை விட்டுப் போன பிறகுதான் நம் காகிதத்துக்கு முத்திரை விழுந்தது. நம் இரண்டு விடுதலை நாள்களுக்கும் நடுவே கிடப்பது முழுக்க முழுக்க அல்ஜீரியாவின் போர்.

உங்கள் சங்கடமும் எனக்குத் தெரிகிறது. வருகிறவர்கள் விடுமுறைக்கு வருகிறார்கள். காபியும் காற்றும் படமும் தேடுகிறார்கள். இரத்தத்தைப் பற்றிப் பேசினால் அடுத்த முறை வேறு ஆளைக் கூப்பிடுவார்கள் என்று நினைப்பீர்கள். பிரான்சிலிருந்து வருகிறவர்கள் முகம் சுளிப்பார்களோ என்ற தயக்கமும் இருக்கும். என் அனுபவம் வேறு. ஓய்வு பெற்ற பிறகு என் வீட்டுக்கு வந்த பிரெஞ்சுக்காரர்கள் சிலரிடம் அல்ஜீரியாவைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். ஒருவர் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, தன் அப்பா அங்கே இருபது வயதில் போனவர், சாகும்வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை என்றார். என் தாத்தாவைப் பற்றி அவரிடம் சொன்னேன். அதுவரை விருந்தாளியாக இருந்தவர் அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் பேசினார். பிரான்ஸ் அரசே அல்ஜீரியாவில் நடந்ததைப் 'போர்' என்று சட்டத்தில் ஒப்புக்கொண்டது 1999இல்தான். கேட்க ஆளில்லாமல் அவர்களும் தவித்திருக்கிறார்கள்.

பிரான்சைத் திட்டச் சொல்லவில்லை. பள்ளிக்கூடம், வாக்குரிமை, மொழி என்று அவர்களிடமிருந்து வந்தவை இந்த ஊரில் இருக்கின்றன, அவற்றையும் சொல்லுங்கள். நான் கேட்பது பத்து நிமிடம்தான். அந்த நினைவுச் சின்னத்தின் எதிரே பத்து நிமிடம் கூடுதலாக நில்லுங்கள். நவம்பர் 1 அன்று அல்ஜீரியாவில் என்ன தொடங்கியது என்று சொல்லுங்கள். மார்ச் 13 முதல் மே 7 வரை ஒரு பள்ளத்தாக்கில் என்ன நடந்தது என்று சொல்லுங்கள். சவானா ஆலையின் 12 பேரைச் சொல்லுங்கள். கீழூரில் 178 பேர்தான் வாக்களித்தார்கள் என்பதைச் சொல்லுங்கள். "ஏண்ணா போனாங்க?" என்று இன்னொரு பெண் கேட்டால், "இருக்க முடியாம போச்சும்மா" என்று தொடங்குங்கள்.

உங்கள் வீட்டிலும் ஒரு சொல்தா இருந்திருக்கலாம், அல்லது ஒரு பஞ்சாலைத் தொழிலாளி. வயதானவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். நான் தாத்தாவிடம் ஒரே தடவை கேட்டுவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

அவருடைய தகரப் பெட்டி என்னிடம் இருக்கிறது. படைப் பதிவுப் புத்தகம், சைகோன் தபால் முத்திரையோடு நாலைந்து கடிதங்கள், அந்தப் பதக்கம். வருகிற நவம்பர் 1 காலை ஆறு மணிக்கு அதை எடுத்துக்கொண்டு அதே சுவரில் உட்கார்ந்திருப்பேன். உங்கள் குழு கிளம்புவதற்கு முன் ஒரு அரைமணி நேரம் வாருங்கள். கடிதங்களில் பாதி பிரெஞ்சில் இருக்கிறது; எனக்குப் புரியாத இடங்கள் உண்டு. உங்களில் பிரெஞ்சு நன்றாகத் தெரிந்தவர்கள் படித்துச் சொன்னால் நன்றாயிருக்கும்.

அன்புடன்,
கடற்கரைச் சுவரில் உட்கார்ந்திருந்த பழைய வாத்தியார்